ஓடிகே கலெக்ட்: வீடு வீடாகப் போய்க் கேட்பவர்களுக்கு

குழந்தைகள் நலக் கணக்கெடுப்புக்காக வீடு வீடாகப் போகிறவள் நான். காகிதத்தில் எழுதிய காலத்தில் "இல்லை எனில் 27-ஆம் கேள்விக்குச் செல்லவும்" என்று இருக்கும். பக்கத்தைப் புரட்டி அதைத் தேடுவதற்குள் மடியில் இருக்கும் பிள்ளை சிணுங்கும், அம்மாவின் கவனமும் அங்கே போய்விடும். போனிலேயே கேள்விகளைக் காட்டிப் பதில்களைச் சேமிக்கும் ஓடிகே கலெக்ட் செயலியில் அந்தத் தொல்லை இல்லை. கடந்த 2 வாரத்தில் வயிற்றுப்போக்கு இருந்ததா என்பதற்கு 'இல்லை' என்று தொட்டால், ஓ.ஆர்.எஸ். கொடுத்தீர்களா, எங்கே காட்டினீர்கள் என்பதெல்லாம் வராமல் நேரே காய்ச்சல், இருமலுக்குப் போகும்படி ஃபார்மை அமைத்துவிடலாம்.

2008-ல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய திட்டம் இது. செயலி இலவசம், ஆண்ட்ராய்டில் மட்டும் ஓடும். சிக்னல் இல்லாத இடத்திலும் ஃபார்மை நிரப்பிச் சேமித்து, அப்புறம் அனுப்பலாம். தடுப்பூசி அட்டையை அங்கேயே படமெடுத்து இணைக்கலாம். பிறந்த தேதி தெரியாத பாட்டி பதில் சொன்னால், மாதமும் வருடமும் மட்டும் கேட்கும்படி வைக்க வழி இருக்கிறது.

ஆனால் செயலி எவ்வளவு நன்றாக இருந்தாலும், உள்ளே கேள்வியை அமைப்பவர் கையில்தான் மீதி இருக்கிறது. கட்டாயக் கேள்வியில் 'தெரியாது' என்ற பதிலை வைக்க மறந்தால் திரை அடுத்ததற்கு நகராது. வெயிலில் நிற்கும் களப்பணியாளர் ஏதோ ஒன்றைத் தொட்டுவிட்டு மேலே போவார். அலுவலகத்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது குறையே இல்லாத தரவு!

"மருத்துவரிடம் ஏன் காட்டவில்லை?" என்ற கேள்விக்கு ஒரே பதிலைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதும் இப்படித்தான். யாரும் ஒரே காரணம் சொல்வதில்லை. தூரம் என்று ஆரம்பிப்பார்கள். கொஞ்சம் பொறுத்தால் பணம் வரும். மாமியார் அந்தப் பக்கம் போனதும், வீட்டில் விடமாட்டேன் என்றார்கள் என்பது வரும். பல பதில்களைத் தேர்ந்தெடுக்கும் வசதி செயலியில் இருக்கிறது, அதையே போடுங்கள். கடைசியில் 'வேறு காரணம்' என்று எழுத ஓர் இடமும் வேண்டும். அதில் தட்டச்சு செய்வதுதான் சள்ளை. அம்மா பேசிக்கொண்டிருக்க நான் போனைக் குனிந்து பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே மட்டும் நான் இன்னும் சின்ன நோட்டில் இரண்டு வார்த்தை கிறுக்கிவிட்டு, வெளியே வந்ததும் செயலியில் ஏற்றுகிறேன்.