கமடோர் 64-ஐ பிசியில் ஓட்ட வைஸ் போதுமா?

எண்பதுகளின் வீட்டுக் கணினியான கமடோர் 64-ஐ இன்றைய பிசியில் ஓட்டிப் பார்க்க என்னென்ன வேண்டும் என்று கேட்டால் என் பதில் சின்னதுதான்: வைஸ் எமுலேட்டர் (பழைய கணினியைப் போலவே நடந்துகொள்ளும் நிரல்), ஒரு யூஎஸ்பி ஜாய்ஸ்டிக், செட்டிங்குகளைப் பொறுமையாகப் பார்க்க ஒரு மாலைப்பொழுது. வைஸ் இலவசம், அதன் மூலநிரலும் திறந்தே கிடைக்கிறது, விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றிலும் ஓடுகிறது. பழைய வீட்டுக் கணினிகளுக்கான எமுலேட்டர்களில் முதல் இடத்தை நான் இதற்குத்தான் கொடுப்பேன். ஆனால் நிறுவிய கையோடு கிடைக்கும் வைஸ் வேறு, நமக்கேற்ப அமைத்த வைஸ் வேறு. பலர் முதலாவதைப் பார்த்துவிட்டு இவ்வளவுதானா என்று மூடிவிடுகிறார்கள், அது எனக்கு நிஜமாகவே வருத்தம் தரும் விஷயம்.

ரோம் ஃபைல்களை, அதாவது அசல் கணினியின் சில்லுகளில் பதிந்திருந்த நிரல்களின் நகல்களை, தேடி அலைய வேண்டியதில்லை. கமடோரின் இன்னொரு கணினியான அமிகாவுக்கு வின்யூஏஇ என்ற எமுலேட்டர் போட்டால் கிக்ஸ்டார்ட் ரோமை நாமேதான் கொண்டுவர வேண்டும், முறையாக வாங்குவதென்றால் அமிகா ஃபாரெவர் மாதிரி ஒரு தொகுப்புக்குக் காசு கொடுக்க வேண்டும். வைஸில் பேசிக், கெர்னல், எழுத்துரு மூன்று ரோம்களும் கூடவே வருகின்றன. திறந்தால் அந்த நீலத் திரை, 38911 பேசிக் பைட்டுகள் காலி என்ற வரி, மின்னும் கர்சர். அதே தொகுப்பில் விக்-20, பெட், பிளஸ்/4, கமடோர் 128 போன்ற மற்ற கமடோர் கணினிகளும் தனித்தனி நிரல்களாக இருக்கின்றன.

கமடோர் 64-க்கு எக்ஸ்64எஸ்சி என்ற நிரலைத் திறக்க வேண்டும். பழைய எக்ஸ்64 வேகத்துக்காகத் துல்லியத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தது, இது அப்படி விடுவதில்லை. 1982-இல் வந்த அந்தக் கணினியின் செயலி ஏறக்குறைய 1 மெகாஹெர்ட்ஸ்தான், நிறங்கள் 16, ஸ்பிரைட்டுகள் (திரையில் தனியாக நகரும் சின்னப் படங்கள்) 8. இவ்வளவை வைத்துக்கொண்டு திரையின் ஓரப்பட்டையையே மறைய வைப்பது, எட்டு ஸ்பிரைட்டை இருபதாகக் காட்டுவது என்று நிரலாளர்கள் செய்ததெல்லாம் படம் வரையும் விக்-2 சில்லு எந்த நொடித்துளியில் எந்த வரியை வரைகிறது என்று கணக்குப் பார்த்துச் செய்தவை. அந்தக் கணக்கில் ஒரு சுற்று பிசகினாலும் படம் கலைந்துவிடும். எக்ஸ்64எஸ்சியில் கலைவதில்லை, இத்தனைக்கும் ஓரளவு பழைய லேப்டாப்பே இதற்குப் போதும்.

அடுத்து பார்க்க வேண்டியது பால் (ஐரோப்பா), என்டிஎஸ்சி (அமெரிக்கா) என்ற இரண்டு டிவி முறைகளில் எது என்ற தேர்வு. இதைப் பலரும் தொடுவதே இல்லை. பால் கணினி விநாடிக்குச் சுமார் 50 முறை திரையை வரையும், என்டிஎஸ்சி சுமார் 60 முறை. ஐரோப்பாவில் எழுதிய விளையாட்டை என்டிஎஸ்சியில் ஓட்டினால் இசை ஐந்தில் ஒரு பங்கு வேகமாக ஓடும், டெமோக்கள் (கணினியின் திறனைக் காட்ட எழுதிய, படமும் இசையும் கலந்த நிரல்கள்) என்றால் பாதியில் நின்றே போகலாம். பாலில் வைத்தால் இன்னொரு தொல்லை: நம் மானிட்டர் 60 ஹெர்ட்ஸில் இருப்பதால் பக்கவாட்டில் நகரும் காட்சிகள் லேசாகத் தடுக்கித் தடுக்கிப் போகும். மானிட்டரை 50 ஹெர்ட்ஸில் வைக்க முடிந்தால் வைத்துவிடுங்கள், மாறும் புதுப்பிப்பு வேகம் கொண்ட மானிட்டர் இருந்தால் இன்னும் நல்லது.

ஒலிதான் வைஸில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. ஒலியெழுப்பும் சிட் சில்லில் 6581, 8580 என்று இரண்டு வகை உண்டு, ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் இரண்டிலும் ஒரே மாதிரி ஒலிக்காது. 6581 கரகரப்பானது, அடர்த்தியானது. பழைய விளையாட்டுகளில் வரும் பேச்சும் டிரம் சத்தமும் அதில்தான் நன்றாகக் கேட்கும், 8580-இல் அவை கிட்டத்தட்ட அமுங்கிவிடும். வைஸில் ரீசிட் என்ற ஒலிப்பகுதி இருக்கிறது, எந்தச் சில்லு வேண்டும் என்று மெனுவிலேயே தேர்ந்தெடுக்கலாம். எண்பதுகளின் இசை என்றால் முதலில் 6581 வைத்துக் கேளுங்கள், பிறகு மாற்றிப் பாருங்கள். நல்ல ஹெட்போன் இருந்தால் வித்தியாசம் உடனே பிடிபடும்.

அப்புறம் டிஸ்க். கமடோரின் 1541 டிஸ்க் டிரைவுக்குள்ளேயே தனியாக ஒரு 6502 செயலி இருக்கிறது, அதாவது அது ஒரு குட்டிக் கணினி. உண்மையான டிரைவில் லோட் ஆவது விநாடிக்குச் சுமார் 400 பைட்தான். அதனால் விளையாட்டு நிறுவனங்கள் டிரைவுக்குள்ளேயே தங்கள் நிரலை அனுப்பி வேகத்தைக் கூட்டிக்கொண்டன, காப்பித் தடுப்பையும் அங்கேயே வைத்தன. வைஸில் அந்த டிரைவையும் அப்படியே நடித்துக் காட்டும் ட்ரூ டிரைவ் எமுலேஷன் என்று ஒரு செட்டிங் உண்டு. அதை அணைத்தால் சாதாரண ஃபைல் கண்ணிமைக்கும் நேரத்தில் வந்துவிடும், ஆனால் இந்த மாதிரி விளையாட்டுகள் அப்படியே உறைந்து நிற்கும். ஆகவே அதை எப்போதும் போட்டே வைத்திருங்கள், காத்திருக்கப் பொறுமை இல்லையென்றால் வார்ப் முறையைத் தட்டிவிடுங்கள், மொத்தக் கணினியும் வேகமெடுக்கும், எதுவும் உடையாது.

குறைகளும் இருக்கின்றன. முதலில் விசைப்பலகை. கமடோரின் ரன்/ஸ்டாப் இங்கே எஸ்கேப், ரெஸ்டோர் என்பது பேஜ் அப், கன்ட்ரோல் விசை டேபுக்குப் போய்விட்டது, புதியவர் இதையெல்லாம் எங்கிருந்து ஊகிப்பார்? சிம்பாலிக், பொசிஷனல் என்று இரண்டு விசை அமைப்புகள் உண்டு. பேசிக்கில் நிரல் எழுத சிம்பாலிக் வசதி, விசையில் அச்சிட்டிருக்கும் குறியே திரையில் வரும். விளையாட பொசிஷனல்தான் சரி, விசைகள் அசல் கமடோரில் இருந்த இடத்திலேயே இருக்கும். இரண்டாவது, ஜாய்ஸ்டிக் போர்ட். ஒரு விளையாட்டு போர்ட் 1 கேட்கும், இன்னொன்று போர்ட் 2 கேட்கும், திரையில் ஒன்றும் அசையவில்லை என்றால் பெரும்பாலும் காரணம் இதுதான், மெனுவில் இரண்டையும் இடம் மாற்றினால் தீர்ந்தது. மூன்றாவது அந்த மெனுவே. செட்டிங்குகள் அடுக்கடுக்காக ஒளிந்திருக்கின்றன, மாற்றியதைச் சேமிக்கச் சொல்லாமல் மூடினால் அடுத்த முறை எல்லாம் பழையபடி இருக்கும்.

காசு செலவழிப்பதாக இருந்தால் ஜாய்ஸ்டிக்குக்கு மட்டும் செலவழியுங்கள். நம்பர் பேடில் விளையாடலாம்தான், ஆனால் இந்த விளையாட்டுகள் எட்டுத் திசை, ஒரே பட்டன் உள்ள ஜாய்ஸ்டிக்கை நினைத்து எழுதியவை, கையில் அது இருக்கும்போதுதான் அவற்றின் வேகம் பொருந்தி வரும். பழைய டிஸ்குகள் வீட்டில் இருந்தால் மட்டும் ஜூம்ஃப்ளாப்பி என்ற யூஎஸ்பி அட்டை வாங்கலாம், அசல் 1541 டிரைவைப் பிசியோடு இணைத்து டிஸ்கை டி64 ஃபைலாக (டிஸ்கின் முழு நகலாக) எடுத்துவிடலாம். காந்தப்பூச்சு உதிர்வதற்குள் எடுத்து வைப்பது நல்லது. சொந்தமாக எழுதிய பேசிக் நிரல்கள் அதில் இருந்தால் அவற்றை முதலில் எடுங்கள், கடையில் விற்ற விளையாட்டுகளை வேறு யாராவது ஏற்கெனவே எடுத்து வைத்திருப்பார்கள்.