பழைய கிரெடிட் கார்டு பாக்கிக்கு சம்மன் வந்ததா? "நாங்க பாத்துக்கிறோம்" என்பவரை நம்பி வீட்டில் உட்காராதீர்கள்

கார்டு பாக்கியைப் பாதிக்குப் பாதியாக முடித்துத் தருகிறோம் என்று சொல்லும் செட்டில்மென்ட் ஏஜென்சிகள் ஒரே மாதிரிதான் வேலை செய்கின்றன. மாதாமாதம் கட்டணம் வாங்குவார்கள். வங்கியிலிருந்து போன் வந்தால் எடுக்காதீர்கள், எந்தக் காகிதம் வந்தாலும் எங்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள் என்பார்கள். கோர்ட் சம்மனே வந்தாலும் அதே பதில்: "நாங்க பாத்துக்கிறோம் சார், நீங்க போக வேண்டாம்." உங்கள் சார்பில் வக்காலத்து போட அங்கே ஆளே இருக்காது. வாய்தா அன்று கோர்ட்டில் பெயரைக் கூப்பிடுவார்கள், யாரும் நிற்கமாட்டார்கள், எக்ஸ்பார்ட்டி, அதாவது உங்கள் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பாகிவிடும். சம்பளக் கணக்கு முடங்கும் அன்றைக்குத்தான் விஷயமே தெரியவரும். அதுவரை கட்டிய கட்டணமும் போச்சு.

பழைய, தகராறில் உள்ள கார்டு பாக்கி வழக்குகளில் வங்கியின் கேஸ் பெரும்பாலும் காகிதத்தில் ஓட்டையோடுதான் வருகிறது. ஆனால் எதிரில் ஆள் நின்று சுட்டிக்காட்டினால்தான் அது ஓட்டை.

முதலில் வந்தது சம்மன்தானா என்று பாருங்கள். வக்கீல் நோட்டீஸ், லோக் அதாலத் அழைப்பு, "கைது வாரன்ட்" என்று வாட்ஸ்அப்பில் வரும் படம் எதுவும் சம்மன் ஆகாது. உண்மையான சம்மனில் கோர்ட் முத்திரை, வழக்கு எண், ஆஜராக வேண்டிய தேதி இருக்கும். பிராதின் (வங்கி போட்ட வழக்கு மனுவின்) நகலும் கூடவே வர வேண்டும். இ-கோர்ட்ஸ் தளத்தில் எழுத்தும் எண்ணுமாக 16 இடம் கொண்ட சிஎன்ஆர் எண்ணை (வழக்கின் தனி அடையாள எண்) போட்டால் வழக்கு இருக்கிறதா, அடுத்த வாய்தா எப்போது என்பது தெரிந்துவிடும். சந்தேகம் இருந்தால் பெயரைப் போட்டும் தேடலாம். கார்டு வாங்கியபோது கொடுத்த பழைய முகவரிக்கு சம்மன் போய், ஆள் இல்லை என்று திரும்பி, பிறகு பத்திரிகை விளம்பரத்தோடு "சார்வு செய்யப்பட்டது" (சம்மன் உங்களிடம் சேர்ந்துவிட்டது) என்று முடிந்துபோவது சகஜம். வீடு மாறியவர்கள் அவ்வப்போது தேடிப் பார்ப்பது நல்லது.

அடுத்து, வழக்கு எந்த வகை என்று பாருங்கள். சாதாரணப் பணவசூல் வழக்கு என்றால் எதிருரை (பிராதுக்கு உங்கள் எழுத்துப்பூர்வ பதில்) தாக்கல் செய்ய 30 நாள்; காரணம் காட்டினால் கோர்ட் 90 நாள் வரை நீட்டிக்கலாம். சம்மனில் சிவில் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 37 (Order 37) என்று இருந்தால் அது சுருக்க விசாரணை வழக்கு. அதில் 10 நாளுக்குள் ஆஜராகி முகவரி கொடுக்க வேண்டும். அதன்பின் வாதி "தீர்ப்புக்கான சம்மன்" அனுப்புவார். அது கிடைத்து 10 நாளுக்குள், வாதாட அனுமதி கேட்டு அபிடவிட்டோடு (சத்தியப் பிரமாண வாக்குமூலத்தோடு) மனுப் போட வேண்டும். இதில் எதைத் தவறவிட்டாலும் வாதிக்குச் சாதகமாக உடனே தீர்ப்பாகிவிடலாம். 30 நாள் இருக்கிறது என்று நினைத்துக் கட்டளை 37 வழக்கைக் கோட்டைவிட்டவர்களுக்குக் குறைவில்லை.

பிராது கைக்கு வந்ததும் ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதுங்கள்: கடைசியாக எப்போது பணம் கட்டப்பட்டது, எந்த பில் முதன்முதலில் கட்டாமல் நின்றது, வழக்கு எந்தத் தேதியில் தாக்கலானது. 1963-ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி இப்படிப்பட்ட பணவசூலுக்கு மூன்று வருடம்தான். அது கடந்திருந்தால், பிரதிவாதி கேட்காவிட்டாலும் கோர்ட் வழக்கைத் தள்ளுபடி செய்ய வேண்டும் என்கிறது 3-ஆம் பிரிவு. அதற்காகச் சும்மா இருந்துவிடாமல் எதிருரையின் முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். வங்கித் தரப்பு கடைசி ஸ்டேட்மென்ட் தேதியிலிருந்து எண்ணப் பார்க்கும். ஸ்டேட்மென்டை மாதாமாதம் அவர்களே அடிக்கிறார்கள், அதை வைத்து எண்ணினால் காலவரையறை என்ற ஒன்றே இருக்காது என்பதுதான் உங்கள் வாதம்.

இதில் ஒரு கணக்கு பலருக்குத் தவறுகிறது. கொரோனா காலத்துக்காக உச்ச நீதிமன்றம் 15.3.2020 முதல் 28.2.2022 வரையிலான நாட்களைக் காலவரையறையிலிருந்து கழித்துவிட்டது. 2019 ஜனவரி 10 அன்று தவறிய பாக்கிக்கு 2022 ஜனவரியோடு கெடு முடிந்தது என்று நினைத்தால் தவறு. மிச்சமிருந்த 666 நாள் 2022 மார்ச் 1-லிருந்து ஓடி, 2023 டிசம்பர் கடைசி வாரத்தில்தான் முடிகிறது.

"டோக்கனா ஆயிரம் ரூபா போடுங்க, மேலிடத்துல பேசிக்கிறேன்" என்று வசூல் ஆள் கெஞ்சுவதன் பின்னணியும் இந்தத் தேதிதான். மூன்று வருடம் முடியும் முன் பகுதித்தொகை கட்டி, அதற்கு உங்கள் கையெழுத்தோடு ஏதாவது தாளும் இருந்தால் கணக்கு அன்றிலிருந்து புதிதாகத் தொடங்கும். பணமே கட்டாமல், "தற்போது சிரமத்தில் இருக்கிறேன், நிலுவையைச் செலுத்தச் சற்று அவகாசம் தாருங்கள்" என்று கையெழுத்துப் போட்டு ஒரு வரி கொடுத்தாலும் அதே கதிதான். பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்ட கடிதத்தில் கட்ட மறுத்திருந்தாலும்கூட அது ஒப்புதலாகவே எடுக்கப்படலாம். கெடு முடிந்த பிறகு இந்த வழி அவர்களுக்கு இல்லை. அதனால்தான் அப்போது "செட்டில்மென்ட் படிவம்" நீட்டுவார்கள். "மேற்படி தொகையைச் செலுத்த உறுதியளிக்கிறேன்" என்ற வரிக்குக் கீழே கையெழுத்து விழுந்தால், ஒப்பந்தச் சட்டம் 25(3) பிரிவின்படி செத்த கடனுக்குப் புது ஒப்பந்தமே பிறந்துவிடும். ஏஜென்சிகள் அனுப்பும் "வங்கிக்கான வேண்டுகோள்" மாதிரிக் கடிதங்களிலும் இந்த மாதிரி வரிகள் சர்வ சாதாரணம். அனுப்பித்தான் ஆக வேண்டுமென்றால் "தாங்கள் கோருவதாகச் சொல்லும் தொகை, நான் மறுக்கும் தொகை" என்ற சொற்களைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

ஆதாரத்துக்கு வருவோம். வங்கி வழக்கமாக வைப்பது கடைசி சில மாத ஸ்டேட்மென்டும், ஒரே தொகையாக எழுதிய கணக்குச் சுருக்கமும். இது போதாது. கையெழுத்திட்ட விண்ணப்பம் அல்லது மின்னணு ஒப்புதல், அந்தக் காலத்தில் அமலில் இருந்த நிபந்தனைகள், தகராறு தொடங்கிய மாதம் முதல் ஒவ்வொரு ஸ்டேட்மென்டும் வேண்டும் என்று ஆவணம் தாக்கல் செய்யக் கோரும் மனுப் போடுங்கள். கணினியில் எடுத்த நகலுக்கு வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டத்தின் 2ஏ பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்று பாருங்கள். மின்னணு ஆவணத்துக்கான சான்றிதழ் முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தின் 63-ஆம் பிரிவு. கணக்குப் புத்தகப் பதிவு மட்டுமே ஒருவர் தலையில் கடனைக் கட்டப் போதாது என்று உச்ச நீதிமன்றம் 1960-களிலேயே சொல்லியிருக்கிறது. பாக்கியை வேறு நிறுவனம் வாங்கி வழக்குப் போட்டிருந்தால் உரிமை மாற்றப் பத்திரத்தோடு, உங்கள் கணக்கு எண் இருக்கும் இணைப்புப் பட்டியலையும் கேளுங்கள். பத்திரத்தைக் காட்டிவிட்டு இணைப்பை விட்டுவிடுவார்கள்.

நீங்கள் செய்யாத பரிவர்த்தனைதான் பாக்கியின் வேர் என்றால் 6.7.2017 தேதியிட்ட ரிசர்வ் வங்கிச் சுற்றறிக்கைதான் முக்கிய ஆயுதம். தவறு வங்கியிடமும் இல்லை, வாடிக்கையாளரிடமும் இல்லை எனும்போது, வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் செய்திருந்தால் பொறுப்பு பூஜ்யம். 4 முதல் 7 வேலை நாள் என்றால், 5 லட்சம் வரை லிமிட் உள்ள கார்டுக்கு அதிகபட்சம் 10,000 ரூபாய். புகார் வந்த 10 வேலை நாளுக்குள் வங்கி தொகையைத் தற்காலிகமாக வரவு வைக்க வேண்டும், 90 நாளில் முடிவு சொல்ல வேண்டும், நிரூபிக்கும் சுமையும் வங்கியுடையதே. ஆக, புகார் எண்ணும் தேதியும்தான் உயிர்நாடி. எஸ்எம்எஸ், மின்னஞ்சல், சைபர் கிரைம் புகார் ரசீது எதையும் அழிக்காதீர்கள்.

தொகை எப்படி வீங்குகிறது என்பதையும் கோர்ட்டுக்குக் காட்ட வேண்டும். 18,000 ரூபாய் தகராறுத் தொகைக்கு மாதம் 3.5 சதவீதம் கூட்டுவட்டி போட்டால் மூன்று வருடத்தில் சுமார் 62,000. வட்டி மேல் 18 சதவீத ஜிஎஸ்டியையும் அசலில் சேர்த்து அதற்கும் வட்டி போட்டால் 77,000-ஐத் தாண்டும். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் 15,000 எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். கட்டப்படாத கட்டணத்தையும் வரியையும் அசலோடு சேர்த்து வட்டி போடக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதி 2022 அக்டோபர் 1 முதல் அமலில் இருக்கிறது. ஸ்டேட்மென்டை மாதவாரியாக ஒரு தாளில் பிரித்து, கொள்முதல், வட்டி, தாமதக் கட்டணம், வரி என்று நான்கு பத்தியாகப் போட்டு எதிருரையோடு இணைத்தால், குறுக்கு விசாரணையில் வங்கிச் சாட்சி திணறும் இடம் அதுவாகத்தான் இருக்கும்.

எதிருரையை "வாதி சொல்வதனைத்தும் பொய்" என்று நாலு வரியில் முடிக்கும் வக்கீல்களும் உண்டு. பிராதின் ஒவ்வொரு பத்தியையும் தனித்தனியே மறுக்க வேண்டும். குறிப்பாக மறுக்காதது ஒப்புக்கொண்டதாகும் என்பது கட்டளை 8 விதி 5. எந்த ஊர்க் கோர்ட்டுக்கு அதிகாரம் என்ற ஆட்சேபணையையும் முதல் வாய்ப்பிலேயே எழுப்பாவிட்டால் பிறகு எடுபடாது. வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம். பெண்களுக்கு வருமான வரம்பே கிடையாது. எண் 15100.

சில கார்டு ஒப்பந்தங்களில் தகராறை கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் (ஆர்பிட்ரேட்டர்) முடிவு செய்வார் என்ற ஷரத்து இருக்கும். கோர்ட்டே இல்லாமல் மின்னஞ்சலில் நோட்டீஸ் வந்து, நடுவர் தீர்ப்பும் வந்துவிடும். அதையும் கோர்ட் டிக்ரி (தீர்ப்பாணை) போலவே நிறைவேற்றலாம். நடுவரை வங்கி தானாகவே நியமித்திருந்தால் உடனே எழுத்தில் ஆட்சேபியுங்கள். சம்மதம் என்று எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். தீர்ப்பை எதிர்க்க மூன்று மாதம், போதிய காரணம் இருந்தால் மேற்கொண்டு 30 நாள், அதற்குமேல் ஒரு நாள்கூடக் கிடையாது.

எக்ஸ்பார்ட்டி ஆகிவிட்டதா? கட்டளை 9 விதி 13-ன் கீழ் ரத்து கோரும் மனு, தீர்ப்புத் தேதியிலிருந்து 30 நாளுக்குள். சம்மன் முறையாகச் சார்வாகவில்லை என்றால் தீர்ப்பு தெரியவந்த நாளிலிருந்து 30. "ஏஜென்சி பார்த்துக்கொள்வதாகச் சொன்னது" என்பது பலவீனமான காரணம், ஆனாலும் அவர்களோடு நடந்த வாட்ஸ்அப் உரையாடலை இணையுங்கள். டிக்ரிக்கு ஆயுள் 12 வருடம். சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் ஜப்தியிலிருந்து தப்பும். பெண்களைப் பண டிக்ரிக்காகக் கைது செய்ய முடியாது.

சமரசம்தான் உசிதம் என்று பட்டால், வங்கியோடு நேரடியாகப் பேசி, முழு மற்றும் இறுதித் தீர்வு என்ற வாசகம் உள்ள கடிதத்தை வங்கியின் சொந்த மின்னஞ்சலிலிருந்து வாங்கிய பிறகே பணம் கட்டுங்கள். பணத்தைக் கார்டு கணக்கிலேயே செலுத்துங்கள், ஏஜென்ட்டின் யுபிஐ-க்கு அல்ல. சமரச மெமோவைக் கோர்ட்டில் தாக்கல் செய்து வழக்கு முடிந்ததற்கான உத்தரவின் சான்றிட்ட நகலை வாங்கி வையுங்கள். மிச்சத் தொகையை வேறொரு நிறுவனத்துக்கு விற்று, இரண்டு வருடம் கழித்து அதே கணக்கு எண்ணோடு புது நோட்டீஸ் வருவதுண்டு. அன்றைக்குக் காட்ட இந்த நகல் கையில் இருக்க வேண்டும்.