லீஸ் காருக்குச் சேதக் கட்டணமா? கடலோரக்காரர் தட்டவேண்டிய கதவு எது?

லீஸ் காலம் முடிந்து, மதுரையிலோ சென்னையிலோ உள்ள யார்டில் காரை ஒப்படைத்துச் சாவியைக் கொடுக்கும்போது யாரும் எதுவும் சொல்வதில்லை. சில வாரங்கள் கழித்து மின்னஞ்சலில் ஒரு பட்டியல் வருகிறது. முன்பம்பர் மாற்றக் கட்டணம், கதவுக்கு டிங்கரிங், பெயின்டிங், ஹெட்லைட் மங்கல், கீழ்த்தளத் துரு, எல்லாவற்றுக்கும் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. டெபாசிட்டைக் கழித்துக்கொண்டு மீதியை ஒரு வாரத்தில் கட்டச் சொல்கிறார்கள்.

எதிர்த்துக் கேட்க வழிகள் பல உண்டு. ஆனால் தொண்டியிலிருந்து சாயல்குடி வரை நீளும் இந்தக் கடற்கரையில் வசிப்பவருக்கு அவை எல்லாம் ஒரே பலன் தருவதில்லை. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதலில் நிறுவனத்துக்கு எழுத்துமூலம் ஆட்சேபம், அது பலிக்காவிட்டால் இராமநாதபுரம் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். மற்றவை துணைக்கு உதவலாம், முதன்மை வழியாக உதவாது.

வழியைத் தேர்ந்தெடுக்கும் முன் பார்க்கவேண்டியது ஒன்றுதான்: பணம் இப்போது யார் கையில் இருக்கிறது? டெபாசிட் அவர்களிடம் இருந்தால் நீங்கள்தான் போய்க் கேட்கவேண்டும். டெபாசிட் இல்லையென்றால் அவர்கள்தான் உங்களைத் தேடி வரவேண்டும். அப்போது அவசரப்பட வேண்டாம். மாதத் தவணைக்காக வங்கியில் கொடுத்த தானியங்கிப் பற்று அனுமதி இன்னும் உயிரோடு இருக்கிறதா என்பதை மட்டும் உடனே பாருங்கள். இருந்தால், தவணைகள் முடிந்துவிட்டன என்று நிறுவனத்துக்கும் வங்கிக்கும் எழுதிக் கொடுத்து ரத்து செய்யுங்கள். கணக்கில் பணம் இல்லாமல் பற்று திரும்பிப் போனால், 2007ஆம் ஆண்டின் பணப்பட்டுவாடா முறைகள் சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி செக் திரும்பியது போன்ற வழக்கு வர இடமுண்டு.

கேட்ட தொகையைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பது ஒரு வழி என்பார்கள். தொகை சிறியது, சேதமும் உண்மை என்றால் கட்டிவிடலாம், அதில் தவறில்லை. வேறு காரணத்தால் கட்டித்தான் ஆகவேண்டிய நிலை வந்தால் "ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன், திரும்பக் கேட்கும் உரிமையை விட்டுக்கொடுக்கவில்லை" என்று அதே நாளில் மின்னஞ்சல் அனுப்புங்கள். "கணக்கு முழுவதும் தீர்ந்தது" என்ற வாசகம் உள்ள தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். பின்னால் எந்தக் கதவைத் தட்டினாலும் அந்தத் தாளைத்தான் முதலில் நீட்டுவார்கள்.

நேரடி ஆட்சேபம் என்பது வாடிக்கையாளர் சேவை எண்ணில் கத்துவது அல்ல. தொலைபேசியில் பேசியது எதுவும் பிறகு நிற்காது. ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு மின்னஞ்சலும் ஸ்பீடு போஸ்ட்டும் அனுப்பி, ஒவ்வொரு இனத்துக்கும் நான்கு கேள்விகள் கேட்கவேண்டும். ஒப்படைத்த நாளில் கையெழுத்தான ஆய்வுத் தாளில் இந்தச் சேதம் இருக்கிறதா? தேதியும் வண்டி எண்ணும் தெரியும் படம் எங்கே? உண்மையிலேயே பழுது பார்த்தீர்களா, பார்த்திருந்தால் பில் எங்கே? இதற்குக் காப்பீட்டில் ஏதேனும் பெற்றீர்களா?

கீழக்கரையில் இருக்கும் என் மைத்துனருக்கு வந்த பட்டியலை நானே பார்த்தேன். பம்பர் கீறலுக்கு ஆதாரமாக அனுப்பிய படம் விரற்கடை தூரத்திலிருந்து எடுத்தது. நம்பர் பிளேட் இல்லை, தேதி இல்லை. வண்டி வெள்ளையா வெள்ளியா என்றுகூடத் தெரியவில்லை. முழு வண்டியும் தெரியும் படம் வேண்டும் என்று ஒரே ஒரு வரி எழுதினார். அடுத்து வந்த பட்டியலில் பம்பரைக் காணவில்லை. விளக்கமும் இல்லை, மன்னிப்பும் இல்லை.

பில் கேட்பதற்குச் சட்ட ஆதாரம் உண்டு. 1872ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 74ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் அபராதத் தொகை எழுதியிருந்தாலும் நியாயமான இழப்பீட்டுக்கு மேல் கிடைக்காது என்கிறது. இழப்பைக் கணக்கிட்டுக் காட்ட முடிகிற இடத்தில் அதை நிரூபிக்க வேண்டும் என்று 2015இல் கைலாஷ்நாத் அசோசியேட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வெறும் எஸ்டிமேட், செலவு நடந்ததற்குச் சான்று ஆகாது.

தேய்மானத்தையும் விடாதீர்கள். மூன்றரை வருடம் ஓடிய வண்டிக்குப் புதுப் பம்பரின் முழு விலையைக் கேட்பது எந்தக் கணக்கிலும் சேராது. வழக்கமான மோட்டார் காப்பீட்டிலேயே பிளாஸ்டிக் பாகங்கள், டயர், பேட்டரி ஆகியவற்றுக்கு 50 சதவீதமும், மூன்று முதல் நான்கு வயதான வண்டியின் உலோகப் பாகங்களுக்கு 25 சதவீதமும் தேய்மானம் கழிக்கிறார்கள். லீஸ் நிறுவனத்தை அந்த அட்டவணை கட்டுப்படுத்தாது. ஆனாலும் நியாயமான தொகை எது என்ற கேள்விக்கு அதைவிட எளிதில் எடுத்துக்காட்டக்கூடிய அளவுகோல் கிடையாது. ஜி.எஸ்.டி.யையும் கேளுங்கள். ஒப்பந்த மீறலுக்கு வெறும் இழப்பீடாக வாங்கும் தொகை, சேவைக்கான விலை ஆகாது, அதற்கு வரி இல்லை என்று மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2022 ஆகஸ்ட் 3 தேதியிட்ட 178ஆம் எண் சுற்றறிக்கையில் விளக்கியிருக்கிறது. எந்த அடிப்படையில் 18 சதவீதம் போட்டீர்கள் என்று கேட்டதும் பல நிறுவனங்கள் மௌனமாகிவிடும்.

இனி நம் ஊருக்கே உரிய விஷயம், துரு. பிரிட்டனில் லீஸ் நிறுவனங்களின் சங்கமான பி.வி.ஆர்.எல்.ஏ. எது இயல்பான தேய்மானம், எது சேதம் என்று ஒரு கையேடே வைத்திருக்கிறது. நமக்கு ஒப்பந்தத்தின் பின்னிணைப்புதான் அளவுகோல். அதைக் குர்கானிலோ மும்பையிலோ உட்கார்ந்து எழுதியவருக்குப் பாம்பன் காற்று தெரியாது. முகுந்தராயர் சத்திரம் தாண்டி அரிச்சல்முனை வரை 2017இல் திறந்த சாலையில் ஒருமுறை போய்வந்தால், இருபுறமும் கடலிலிருந்து வரும் உப்பும் மணலும் வண்டியின் அடியிலும் ஹெட்லைட்டிலும் படிந்துவிடும். 1914இல் கட்டிய பழைய பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு முற்றி 2022 டிசம்பரில் ரயிலையே நிறுத்தினார்கள். ரயில்வே துறை இத்தனை ஆண்டுகள் பராமரித்த இரும்பே தாங்காத காற்றில், ஒரு காரின் சைலன்சர் துருப்பிடித்ததை ஓட்டியவரின் கவனக்குறைவு என்று எப்படிச் சொல்வது?

இந்த வாதத்துக்கும் ஆதாரம் வேண்டும். பிறர் பொருளை வைத்திருப்பவர், சாதாரண விவேகமுள்ள ஒருவர் தன் பொருளைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்குப் பார்த்துக்கொண்டால் போதும், அதற்கு மேல் சேதத்துக்குப் பொறுப்பில்லை என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 151, 152ஆம் பிரிவுகள். ஒப்பந்தத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் மட்டும் இந்தப் பாதுகாப்பு குறையும். தனுஷ்கோடி போய்வந்தபின் அடியில் நல்ல தண்ணீர் அடித்த வாட்டர் சர்வீஸ் ரசீது, கம்பெனி சர்வீஸ் பில், கீழ்த்தளக் கோட்டிங் பில் ஆகிய மூன்றும் அந்தக் கவனத்தைக் காட்டுபவை. என் மைத்துனர் உச்சிப்புளியில் ஒரு மெக்கானிக்கிடம் படங்களைக் காட்டினார். "தம்பி, இந்தக் காற்றில் நிற்கிற எந்த வண்டியைத் தூக்கிப் பார்த்தாலும் அடியில் இப்படித்தான் இருக்கும்" என்றார் அவர். அதையே கடை முத்திரையோடு எழுதித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டார்.

நிறுவனம் அசையாவிட்டால் அடுத்து எங்கே? 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இலவசம், தமிழிலும் பேசலாம். புகாரை நிறுவனத்தின் குறைதீர் பிரிவுக்கு நேரடியாக அனுப்புகிறார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணில் கிடைக்காத பதில் சில நேரம் இதில் கிடைத்துவிடும். ஆனால் அவர்களால் உத்தரவு போட முடியாது. நிறுவனம் "ஒப்பந்தப்படிதான் வசூலித்தோம்" என்று பதில் போட்டால் கோப்பு அதோடு முடிந்துவிடும். புகார் எண்ணைக் குறித்துவைத்துக்கொண்டு அடுத்த படிக்குப் போய்விடலாம்.

ரிசர்வ் வங்கியின் ஆம்பட்ஸ்மேன், அதாவது குறைதீர்ப்பாளர், எல்லோருக்கும் ஆனதல்ல. லீஸ் கொடுத்தது ரிசர்வ் வங்கியில் பதிவுபெற்ற நிதி நிறுவனமாக இருந்து, ஆம்பட்ஸ்மேன் திட்டத்தின் வரம்புக்குள் வந்தால் மட்டுமே உதவும். அதற்கும் முதலில் நிறுவனத்திடம் புகார் செய்து 30 நாள் காத்திருக்கவேண்டும். காவல் நிலையம் வேண்டவே வேண்டாம். இது சிவில் தகராறு என்று திருப்பி அனுப்புவார்கள், அதுதான் சரியும்கூட.

மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு வழியாக லோக் அதாலத் என்னும் மக்கள் நீதிமன்றத்துக்குப் போவது செலவில்லாத, கௌரவமான வழி. வழக்குப் போடும் முன்பே மனு கொடுக்கலாம். அங்கே ஏற்படும் தீர்வு இறுதியானது, மேல்முறையீடு கிடையாது. ஒரு குறை உண்டு: எதிர்த் தரப்பு வந்து சம்மதித்தால்தான் அங்கே எதுவும் நடக்கும். மாவட்டத்தில் கிளை உள்ள நிறுவனம் என்றால் வருவார்கள். சென்னையிலிருந்து ஒரு சேதக் கட்டணத்துக்காக ஆள் அனுப்புவார்களா என்பது சந்தேகம்தான்.

வரவழைக்கும் பலம் நுகர்வோர் ஆணையத்துக்கு இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நமக்குத் தந்த பெரிய வரம் 34ஆம் பிரிவில் இருக்கிறது: புகார்தாரர் வசிக்கும் இடத்திலேயே வழக்குப் போடலாம். நிறுவனத்தின் அலுவலகம் எங்கே இருந்தாலும் மண்டபத்துக்காரர் இராமநாதபுரத்திலேயே தாக்கல் செய்யலாம். இதைப் பயணச் செலவு மிச்சம் என்று மட்டும் பார்க்காதீர்கள். உப்புக்காற்று என்ன செய்யும் என்று இந்த ஊர் ஆணையத்துக்கு யாரும் பாடம் நடத்தத் தேவையில்லை. டெல்லியில் ஒரு மணி நேரம் விளக்கவேண்டியதை இங்கே ஒரு பத்தியில் சொல்லிவிடலாம்.

லீஸுக்காகச் செலுத்திய தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் மனுக் கட்டணமே இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். வழக்கறிஞர் கட்டாயமில்லை. நுகர்வோர் ஆணையங்களுக்காக 2025 ஜனவரி முதல் செயல்படும் இ-ஜாக்ரிதி தளத்தில் இணையம் வழியாகவே தாக்கல் செய்யலாம். எதிர்த் தரப்பு 30 நாளில் பதில் தரவேண்டும், ஆணையம் அனுமதித்தால் இன்னும் 15 நாள், அதற்குமேல் இல்லை என்று 2020இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு உறுதி செய்திருக்கிறது. தீர்ப்புக்கு எதிராக மேல்முறையீடு போக நினைக்கும் நிறுவனம் உத்தரவுத் தொகையில் பாதியைக் கட்டிவிட்டுத்தான் போகமுடியும். சிறு தொகைக்காக அந்தச் சிரமத்தை எடுக்க விரும்பாமல், நோட்டீஸ் கிடைத்ததுமே பேச வருவார்கள். என் மைத்துனர் விஷயத்தில் அதுதான் நடந்தது. துருவுக்குப் பிடித்த பணத்தில் பெரும்பகுதி திரும்ப வந்தது.

"ஒப்பந்தத்தில் நடுவர் தீர்ப்புக்குத்தான் இடமுண்டு, நுகர்வோர் ஆணையம் போகமுடியாது" என்று பதில் வந்தால் பயப்படவேண்டாம். எம்மார் எம்.ஜி.எஃப். வழக்கில் உச்ச நீதிமன்றம் 2018இலேயே அந்த வாதத்தைத் தள்ளிவிட்டது. நடுவர் மன்றத்தை நீங்களாக விரும்பிப் போகாதீர்கள். சேதத் தொகையைவிட நடுவர் கட்டணம் அதிகமாகிவிடக்கூடும்.

ஆணையத்தின் குறைகளையும் சொல்லியாகவேண்டும். மூன்று மாதத்தில் முடிக்கவேண்டும் என்று சட்டத்தில் இருந்தாலும் நடைமுறையில் நீளும். மனுவில் "சேவைக் குறைபாடு", "நேர்மையற்ற வணிக நடைமுறை" என்று எழுதுங்கள். ஒப்பந்தமே நியாயமற்றது, அதை ரத்து செய்யுங்கள் என்று கேட்டால் அது மாநில ஆணையத்தின் அதிகாரம், மாவட்டத்தில் நிற்காது. காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் தாக்கல் செய்துவிடவேண்டும்.

இந்த வழி எளிதில் பொருந்தாத இரு தரப்பினர் நம்மிடையே உண்டு. இராமேசுவரத்தில் சுற்றுலா டாக்ஸி ஓட்டக் கார் லீஸ் எடுத்தவரை வணிக நோக்கம் என்று சொல்லி நிறுவனம் ஆணையத்தில் எதிர்க்கும். வருமானம் குறைந்த ஓட்டுநர் 15100 என்ற சட்ட உதவி எண்ணில் பேசி, இலவச வழக்கறிஞரையும் லோக் அதாலத்தையும் நாடுவதே அவருக்கு முதல் வழி. அலுவலகம் வழியாக லீஸ் எடுத்தவருக்கு வேறு சிக்கல்: ஒப்பந்தம் முதலாளி பெயரில் இருக்கும். அவர் அந்த நான்கு கேள்விகளைத் தன் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவு வழியாகவே கேட்கவேண்டும். பதில் வரும்வரை சம்பளத்தில் பிடிக்கக் கூடாது என்று எழுதியும் கொடுத்துவிடவேண்டும்.