சுங்கை சிப்புட் மூலைக்கடை: திருச்சி வெயிலுக்கு எடுத்த துணிகள்

அம்மாவுக்குச் சமயபுரத்தில் ஒரு வேண்டுதல் பாக்கி இருந்தது. போன மே மாதம் அதற்காகக் கிளம்பி, அப்படியே தஞ்சாவூர், மதுரை என்று பன்னிரண்டு நாள் சுற்றிவிட்டு வந்தோம். கத்திரி வெயில் நேரம். பெட்டிக்குத் தனியாகக் காசு கட்டவில்லை, ஆளுக்கு 7 கிலோ கைப்பைதான். அதற்குள் அடங்கின துணியில் பாதிக்கு மேல் மலேசியாவில் எங்கள் ஊரான சுங்கை சிப்புட்டில், மூலைக்கடை என்ற துணிக்கடையில் எடுத்தது. பலகையில் வேறு பெயர் இருந்தாலும் ஊரில் எல்லாருக்கும் அது மூலைக்கடைதான்.

உண்மையில் முதலில் பக்கத்து நகரமான ஈப்போவுக்குத்தான் போனேன். பெரிய கடை ஒன்றில் 'சுத்தக் காட்டன்' என்று சொல்லி 89 வெள்ளிக்கு (மலேசிய ரிங்கிட்) ஒரு பஞ்சாபி சூட் கொடுத்தார்கள். அதற்குப் பொருத்தமாகத் துப்பட்டா தேடித்தான் மூலைக்கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அக்கா துணியை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தார். ஓர மடிப்பிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டினார். நூல் சுருண்டு உருகி, நுனியில் கறுப்பாக ஒரு மணி உறைந்தது. நகத்தால் நசுக்கினேன், கல் மாதிரி இருந்தது. அப்புறம் தன் கடைத் துணியிலிருந்து ஒரு நூல். அது காகிதம் போல எரிந்து, ஊதியதும் பறக்கிற சாம்பலானது. "உருகுச்சுன்னா பாலியெஸ்டர் கலந்திருக்கும்மா. வேர்வையைக் குடிக்காது, உடம்போட ஒட்டிக்கும்" என்றார். 89 வெள்ளி போனது வயிற்றெரிச்சல்தான். ஆனால் விற்கிற ஒருவர் இப்படி உட்கார்ந்து சொல்லிக் கொடுத்தது எனக்குப் பெரிய விஷயம்.

நான் கையில்லாத குர்தா கேட்டேன். வெயிலாயிற்றே என்ற நினைப்பு. அம்மா விடவில்லை. முப்பது வருஷம் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியவர், முழுக்கைச் சட்டையும் தலைத்துண்டும் இல்லாமல் லயத்து வீட்டை விட்டு இறங்கியதே கிடையாது. அக்காவும் அம்மா பக்கம் சேர்ந்துகொண்டார். மெல்லிய காட்டனில், உடம்பைப் பிடிக்காத முழுக்கைதான் எடுக்க வேண்டும் என்று இருவரும் ஒரே பிடி. திருச்சியில் இறங்கிய மறுநாளே புரிந்தது. நம் ஊர் வெயிலில் காற்றே ஈரம், வேர்வை காயாமல் வழியும். அங்கே வெயில் காய்ந்த வெயில். வேர்வை வந்த சுவடு தெரியாமல் காய்ந்துவிடும், ஆனால் வெறும் தோலில் பட்டால் சுடும். தளர்வான முழுக்கைக்குள் காற்று ஓடியது.

அக்கா துணி எடுத்துக் கொடுத்த விதத்தையும் சொல்ல வேண்டும். கீழே போட இரண்டே இரண்டு: கருநீலத்தில் ஒரு பேன்ட், பழுப்பில் ஒரு நீளப் பாவாடை. மேலே போட நாலு. எல்லாவற்றையும் மேசையில் விரித்து, மேலே இருப்பதை மாற்றி மாற்றி வைத்துக் காட்டினார். எட்டு ஜோடி வந்தது, எதுவும் கண்ணை உறுத்தவில்லை. நாலில் ஒன்று கெடா பாணிக் குட்டை பாஜு கூரோங், மலாய்ப் பெண்கள் போடும் தளர்வான மேல்சட்டை. பாவாடையோடு கோயிலுக்கும் போட்டேன், இரவில் கைலியோடும் போட்டேன். அங்கே மொட்டைமாடியில் துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் மொறுமொறுவென்று காய்ந்துவிடுகிறது. இங்கே போல மத்தியான மழைக்குப் பயந்து ஓட வேண்டியதில்லை. இன்னும் ஒரு சட்டை குறைத்திருந்தாலும் சமாளித்திருக்கலாம்.

எல்லாவற்றிலும் அதிகம் உழைத்தது 28 வெள்ளிக் காட்டன் துப்பட்டா. இரண்டேகால் மீட்டர். தெருவில் தலைக்கு, கோயிலில் தோளுக்கு, மதுரை போன ஏசி பஸ்ஸில் அம்மாவுக்குப் போர்வை. பத்து வெள்ளிக்கு மூன்று ஜோடிக் காட்டன் காலுறையையும் அக்காதான் பையில் போட்டார். எதற்கு என்று கேட்டதற்கு, "கல்தரையில நடக்கும்போது என்னை நினைச்சுக்குவ" என்றார். தஞ்சைப் பெரிய கோயிலில் காலை பத்து மணிக்கே பிராகாரத்தில் கால் வைக்க முடியவில்லை. நினைத்துக்கொண்டேன்.

ஆண்களுக்கு மூலைக்கடையில் அதிகம் இல்லை. என் வீட்டுக்காரர் இரண்டு பெலிகாட் கைலி மட்டும் எடுத்தார். பெலிகாட் என்ற பெயரே சென்னைக்கு வடக்கே இருக்கும் பழவேற்காட்டிலிருந்து வந்ததுதான். அந்தத் துணி இத்தனை காலம் கழித்து எங்கள் பையில் தமிழ்நாட்டுக்கு ஒரு நடை போய் வந்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

குறையும் உண்டு. போட்டுப் பார்க்கச் சரியான இடம் இல்லை, மூட்டைகளுக்கு நடுவே ஒரு திரைதான். பேன்ட்டை அங்கேயே தைக்கக் கொடுத்தேன். ஆறு நாளில் வேண்டும் என்று அவசரப்படுத்தியதில், தையல்காரம்மா துணியை நனைக்காமலே வெட்டிவிட்டார். முதல் துவைப்பிலேயே இரண்டு விரல்கடை ஏறிவிட்டது. இப்போது கணுக்காலுக்கு மேலேதான் நிற்கிறது. திரும்பி வந்து சொன்னபோது அக்கா மறுக்கவில்லை, மடிப்பைப் பிரித்து முடிந்த மட்டும் இறக்கிக் கொடுத்தார், காசு வாங்கவில்லை.

தைக்கக் கொடுப்பவர்கள் இரண்டு வாரம் முன்னாலேயே போய்விடுங்கள். துணியை வீட்டிலேயே ஓர் இரவு ஊறப்போட்டு, காயவைத்துக் கொண்டு போய்க் கொடுங்கள். ஞாயிறு மத்தியானத்துக்கு மேல் கடை இருக்காது.