பழைய பஜெரோவின் கூரைத்துணி மாற்றம்: கல்முனைக் குஷன் வேலைத்தலம் ஒன்றைப் பற்றி

வாகனத்தின் கூரைத்துணியை மாற்றித் தருவோர் பெரும்பாலும் புதிய துணியின் மாதிரிகளைக் காட்டித்தான் வேலையைப் பேசத் தொடங்குகிறார்கள். ஆனால் அந்த வேலை நிலைக்குமா விழுமா என்பது துணி விரிக்கப்படுவதற்கு முன்பே, துணி ஒட்டப்படும் பழைய கூரைப் பலகை எவ்வளவு சுத்தமாக்கப்பட்டது என்பதிலேயே தீர்ந்துவிடுகிறது. கல்முனையில் என் மிட்சுபிஷி பஜெரோ ஜீப்புக்கு இந்த வேலையைச் செய்துதந்த குஷன் வேலைத்தலத்தைப் பாராட்டி எழுதுவதற்கு அதுவே முதற்காரணம். இலங்கையின் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் எஞ்சினும் அடிச்சட்டமும் உறுதியாக இருக்க, உட்கூரை மட்டும் தொய்ந்து தலையில் உரசும் ஜீப்புகள் எத்தனையோ ஓடுகின்றன. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் கையிலிருந்த வண்டியைப் பேணுவதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. இப்போதும் புதிய ஜீப் ஒன்றின் விலை விவசாயம் செய்பவர் எட்டிப்பிடிக்கக் கூடியதன்று. ஆகவே இந்த விபரங்கள் பலருக்கும் பயன்படும் என்று நம்புகிறேன்.

என்னுடையது 1991 முதல் சந்தைக்கு வந்த இரண்டாம் தலைமுறைப் பஜெரோ, நீள உடல், 2.8 லீற்றர் டீசல் எஞ்சின், சன்ரூஃப் கொண்டது. மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் நின்றும் மேற்கே படுவான்கரையில் ஓடியும் வயதான வண்டி. இவ்வகை வாகனங்களின் உட்கூரை, அச்சில் அழுத்தி வடிவமைக்கப்பட்ட ஒரு நார்ப்பலகை. அதன்மேல் சில மில்லிமீற்றர் தடிப்புள்ள பொலியூரித்தேன் நுரையும், நுரையோடு இணைந்த மெல்லிய பின்னல் துணியும் ஒட்டப்பட்டிருக்கும். துணி தொங்கும்போது பசை விட்டுவிட்டது என்று நாம் எண்ணுகிறோம். உண்மையில் பசை பெரும்பாலும் பலகையிலேயே இருக்கும். இடையிலுள்ள நுரைதான் அழிந்திருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்து அந்த நுரையின் மூலக்கூற்றுத் தொடர்களை அறுத்து, நாளடைவில் அதை மஞ்சள் நிறத் தூளாக்கிவிடுகின்றன. வெயிலில் பூட்டி நிறுத்திய வாகனத்தின் உட்புறம் 60 பாகை செல்சியஸை எட்டக்கூடும். கூரைத் தகட்டை ஒட்டிய பகுதி அதைவிடவும் சூடேறும். கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும் மாதங்களில் இந்தச் சூட்டையும், மாரியில் கடலும் வாவியும் சேர்ந்து தரும் ஈரத்தையும் ஆண்டுதோறும் மாறிமாறி வாங்கும் நுரை எங்கள் கரையில் நீடித்து நிற்காததில் வியப்பில்லை.

இதை அறியாத இடங்களில் செய்யப்படும் பரிகாரம், துணியைக் கழற்றாமலே ஊசியால் பசையைச் செலுத்தி மேலே அழுத்திவிடுவது. என் வண்டிக்கும் முன்பு ஒரு வேலைத்தலத்தில் அப்படித்தான் செய்தார்கள். தூளாகிப்போன நுரையில் எந்தப் பசைக்கும் பிடிமானம் கிடையாது. சில கிழமைகளுக்குள் துணி மறுபடியும் இறங்கியதோடு, பசை ஊறிய இடங்களெல்லாம் பழுப்பு வட்டங்களாகத் தெரியத் தொடங்கின. பழைய உதிரிப்பாகங்கள் விற்கும் கொழும்புப் பஞ்சிகாவத்தையில் இதே மாதிரி வண்டியிலிருந்து கழற்றிய முழுக் கூரைப் பலகையை வாங்கிப் பூட்டலாம் என்ற ஆலோசனையும் கிடைத்தது. அதுவும் அதே வயதுடைய நுரையைக் கொண்டதுதான். பார்வைக்கு இறுக்கமாக இருந்தாலும் அது விழும் நாளும் தொலைவில் இல்லை என்பதால் அந்த வழியை நான் ஏற்கவில்லை.

மட்டக்களப்பிலிருந்து ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தெற்கே, மருதமுனையைக் கடந்து கல்முனைக்குள் நுழைந்ததும் பிரதான வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில் இந்த வேலைத்தலம் இருக்கிறது. பெயர்ப்பலகை இல்லை, தகரக் கொட்டகைக்கு முன்னால் கழற்றி வைத்த வேன் ஆசனங்களே அடையாளம். தலைமை பாஸ், அதாவது மூத்த கைவினைஞர், அறுபதை நெருங்கியவர். ஆசனத் தையலிலும் றெக்சின் வேலையிலும் தேர்ந்த அவர் வண்டியினுள் ஏறியதும் செய்த முதற்காரியம், துணியின் தளர்ந்த ஓரத்தை விரலால் விலக்கி, உள்ளங்கையில் கொட்டிய தூளை எனக்குக் காட்டியதுதான். “தம்பி, துணி பழுதில்ல, உள்ளுக்க இருக்கிற ஸ்பொஞ்சுதான் செத்துப்போச்சு. மேலால ஒட்டித் தரச் சொன்னா நான் செய்யமாட்டன்” என்றார். “நானா, முழுசாக் கழற்றியே செய்யுங்க” என்றேன். விலையைப் பற்றிய பேச்சு அதன் பிறகே வந்தது.

கழற்றும் வேலையில் அவர்கள் காட்டிய பொறுமையைத் தனியாகச் சொல்ல வேண்டும். வெயில் மறைப்புகள், உள்விளக்குகள், கைபிடிகள், சன்ரூஃப் ஓரத்துச் சட்டம், கதவு ஓரத்து றப்பர் பீடிங், கூரையைத் தாங்கும் தூண்களின் பிளாஸ்ரிக் உறைகள் ஆகிய யாவும் கழன்ற பிறகே பலகை விடுபடும். இருபது, முப்பது ஆண்டு வெயிலில் கிடந்த பிளாஸ்ரிக் கிளிப்புகள் சற்று அவசரப்பட்டாலும் முறிந்துவிடும். ஒவ்வொரு பகுதியின் திருகாணிகளையும் தனித்தனிப் பொலித்தீன் பைகளிலிட்டு இடத்தின் பெயரை எழுதிவைத்தார்கள். முன்னாசனங்களை முழுவதும் சாய்த்து, இருவர் உள்ளேயும் ஒருவர் வெளியேயும் நின்று, வளையாமல் தாங்கிப் பின்கதவால் பலகையை வெளியே எடுத்தார்கள். பழைய நார்ப்பலகை நடுவில் மடிந்தால் அந்த மடிப்பு புதிய துணியின்மேலும் கோடாகத் தெரியும். ஆகவே முழு வேலையிலும் ஆபத்து மிகுந்த கட்டம் இதுவே.

அடுத்து வந்த சுத்திகரிப்பில்தான் இந்த வேலைத்தலம் மற்றவற்றிலிருந்து வேறுபடுகிறது. துணியை உரித்தபின் பலகையில் எஞ்சும் நுரைத்தூள், விரலால் தேய்த்தால் பிசுபிசுக்கும் ஒரு படையாகப் படிந்திருக்கும். கம்பித் தூரிகையால் உரசினால் வேலை விரைவில் முடியும், ஆனால் பலகையின் மேற்பரப்பு நாராகக் கிழிந்துபோகும்; மென்மையான தூரிகை மட்டும் என்றால் பள்ளங்களில் தூள் தங்கிவிடும். அவர்கள் விறைப்பான நைலோன் தூரிகையால் ஒரே திசையில் தேய்த்து, கொம்பிரசர் காற்றால் ஊதி, மீண்டும் தேய்த்து, மறுபடியும் ஊதி, கறுப்புத் துணியால் துடைத்துப் பார்த்தார்கள். அந்தத் துணியில் மஞ்சள் படியாமல் வரும்வரை பாஸ் அடுத்த கட்டத்துக்கு அனுமதிக்கவில்லை. வேலை பழகும் இளைஞர் இரண்டு தடவை முடிந்துவிட்டது என்று சொல்லியும், “விளக்கு ஓட்டையச் சுத்தி இன்னும் கிடக்கு மகன், பாரு” என்று அவரையே மீளச் செய்வித்தார். இத்தூள் மூச்சோடு உள்ளே போகாதபடி எல்லோரும் முகக்கவசம் அணிந்திருந்தார்கள் என்பதும் மனதுக்கு நிறைவாக இருந்தது.

பலகையின் முன்மூலையில் வெடிப்பொன்றும் பழுப்பு நீர்க்கறையும் இருந்தன. வெடிப்பைப் பின்புறத்திலிருந்து கண்ணாடி நார்த்துணியும் ரெசினும் வைத்து அடைத்தார்கள். மீன்பிடிப் படகுகளை ஃபைபரில் செய்தும் திருத்தியும் பழகிய கரையாதலால் இப்பொருட்களுக்கும் கைத்திறனுக்கும் இங்கே பஞ்சமில்லை. நீர்க்கறையை அவர்கள் வெறும் கறையாக எடுத்துக்கொள்ளவில்லை. சன்ரூஃபின் மூலைகளிலிருந்து தூண்களினூடாகக் கீழிறங்கும் வடிகுழாய்கள் தூசியாலும் இலைச்சருகாலும் அடைபட்டால், மழைநீர் விளிம்பைத் தாண்டிப் பலகைக்குள் இறங்கும். ஒவ்வொரு மூலையிலும் சிறிது சிறிதாக நீர் ஊற்றி, அது வண்டிக்குக் கீழே வெளிவருகிறதா என்று பார்த்து, அடைபட்டிருந்த ஒன்றைக் காற்றை மெதுவாகச் செலுத்தித் திறந்துவிட்டார்கள். இதைச் செய்யாமல் எவ்வளவு நல்ல துணியைப் போட்டாலும் முதல் மாரியிலேயே அதே இடத்தில் கறை எழும். நான் கேட்காமலே செய்த பணி இது. இதற்கெனத் தனிக்கட்டணமும் வாங்கவில்லை.

துணியைத் தெரிவுசெய்யும்போது மருதமுனைக் கைத்தறித் துணியைப் போடலாமா என்று கேட்டேன். எங்கள் பகுதியின் நெசவு எங்கள் வண்டியில் இருக்க வேண்டும் என்பது என் ஆசை. பாஸ் மறுத்துவிட்டு, அதற்கான காரணத்தையும் தெளிவாக விளக்கினார். நெசவுத்துணி போதிய அளவு இழுபடாது. ஆதலால் பலகையின் வளைவுகளிலும் குழிகளிலும் சுருக்கமின்றி அமராது. நுரைப்படை இல்லாததால் பலகையின் சிறு மேடு பள்ளங்களையும் அப்படியே வெளிக்காட்டும். பருத்தியாயின் ஈரத்தையும் உறிஞ்சும். கூரைக்கு வேண்டியது நுரையோடு சேர்த்தே தயாரிக்கப்பட்ட பின்னல் துணி. கைத்தறியை ஆசன உறைக்கு வைத்துக்கொள்ளலாம் என்றார்; அந்த விளக்கம் எனக்கு முழுவதும் சரியாகவே பட்டது. இறுதியில் வெளிர்ச்சாம்பல் நிறத்தை எடுத்தோம். இப்போது பலர் விரும்பும் கறுப்பு நிறம், உயரமான பஜெரோவின் உள்ளறையையும் தாழ்ந்து இருண்டதாகக் காட்டிவிடும் என்பது என் எண்ணம்.

ஒட்டும் முறையில் இரண்டு விடயங்கள் கவனிக்கத்தக்கவை. முதலாவது, பசை. வெப்பம் தாங்கும் கொன்ராக்ற் பசையைத் தூரிகையால் பூசாமல், துப்பாக்கியால் பலகையிலும் நுரையின் முதுகிலும் மென்படலமாகத் தெளித்தார்கள். தொட்டால் விரலில் நூல் இழுக்காத பதம் வரும்வரை காத்திருந்த பிறகே இரண்டையும் சேர்த்தார்கள். ஈரமாக இருக்கும்போதே ஒட்டினால் கரைப்பான் நுரைக்குள் ஊறிவிடும்; கறையும் மேலே வரும்.

இரண்டாவது, குழிகளில் துணியை அமர்த்தும் விதம். துணியைப் பாதியாக மடித்து வைத்து, பலகையின் நடுவிலிருந்து தொடங்கி ஓரத்தை நோக்கி உள்ளங்கையால் நீவிக்கொண்டு போனார்கள். வெயில் மறைப்பு படியும் பள்ளம், உள்விளக்கின் இருக்கை, சன்ரூஃபைச் சுற்றிய இறக்கம் ஆகியவற்றில் துணியை மேலால் இழுத்துக் கட்டினால், அன்றைக்கு அது பறைத்தோல் போல அழகாக இறுகித் தெரியும். ஆனால் அங்கே துணிக்கும் பலகைக்கும் இடையில் காற்று நிற்பதால், முதல் கடும் வெயிலில் அந்த இடத்திலிருந்தே பிரியத் தொடங்கும். ஆகவே பாஸ் ஒவ்வொரு பள்ளத்திலும் முதலில் அடியைத் தொடும்படி துணியை விரல் நுனியால் உள்ளே தள்ளி அமர்த்தி, அதன் பின்பே சுற்றுப்புறத்தை நீவினார். ஓரங்களில் ஓர் அங்குலத்துக்கு மேல் பின்புறம் மடித்து ஒட்டினார். விளக்குத் துளைகளை நடுவிலிருந்து குறுக்காகக் கீறி, நுனிகளை உட்புறம் மடித்தார். பலகை ஓர் இரவும் பகலும் தட்டையாகக் கிடந்து உலர்ந்த பின்னரே வண்டிக்குள் ஏறியது. அந்த இடைவெளியில் கூரைத் தகட்டின் உட்புறத்தில் அலுமினியத் தாள் ஒட்டிய மெல்லிய நுரை விரிப்பையும் என் வேண்டுகோளின்படி பதித்தார்கள்.

கடந்த மாரியும் அதைத் தொடர்ந்த கச்சான் காலமும் முழுவதுமாகக் கழிந்துவிட்டன. வண்டி பெரும்பாலும் வெட்டவெளியில்தான் நிற்கிறது. துணி எங்கும் எழவில்லை. சன்ரூஃப் மூலையில் புதிய கறையும் இல்லை. உன்னிச்சைப் பக்கத்துக் கிரவல் வீதியில் ஓடும்போது முன்பு கேட்ட கூரைத் தகட்டின் அதிர்வொலி குறைந்திருக்கிறது. அதற்கு அந்த விரிப்பே காரணமாக இருக்க வேண்டும்.

குறைகளும் உண்டு. சொன்ன நாளில் வண்டி கிடைக்கவில்லை. வேலையின் நடுவே வேறொரு பேருந்தின் ஆசனங்களை ஏற்றுக்கொண்டு என் வண்டியைப் பின்தள்ளினார்கள், கேட்டபோதுதான் அதைச் சொன்னார்கள். பின்பக்க உள்விளக்கின் துளையில் ஒரு பக்கம் கீறல் சற்று நீண்டு, விளக்கின் சட்டத்துக்கு வெளியே மயிரிழையளவு தெரிகிறது. பின்தூண் உறையின் கிளிப்புகள் இரண்டு முறிந்துபோயின. வேறு வாகனத்தின் கிளிப்பைப் போட்டுத் தந்திருக்கிறார்கள், உறுதியாக இருந்தாலும் நிறம் பொருந்தவில்லை. துணி மாதிரிகளும் நான்கைந்துக்கு மேல் இல்லை. குறிப்பிட்ட நிறம் வேண்டுவோர் கொழும்பிலிருந்து தாமே வருவித்துக் கொடுப்பது நல்லது. நீள உடல் ஜீப்புக்கு 60 அங்குல அகலத்தில் 3 யார் (கெஜம்) அளவு தேவைப்படும். துண்டு வைத்துத் தைக்க இடமளிக்காமல் ஒரே துணியாக வாங்க வேண்டும்.

துணி, பசை, வெடிப்புத் திருத்தம், கூலி எல்லாமாக 45,000 ரூபாய் கொடுத்தேன். அலுமினிய விரிப்புக்குத் தனியாகச் செலவானது. ஊசியால் பசை ஏற்றுவோர் கேட்கும் தொகையோடு ஒப்பிட்டால் இது அதிகம். செய்த வேலையோடு ஒப்பிட்டால் நியாயமானது. விபத்தின்போது விரியும் திரைக் காற்றுப்பைகள் கூரையோரத்தில் உள்ள புதிய வாகனங்களை இவர்கள் ஏற்பதில்லை. அந்தப் பைகள் விரியும் வழியைத் துணியோ பசையோ தடுத்துவிடக் கூடாது என்பதால் அந்த மறுப்பை நான் மதிக்கிறேன். மாரி மாதங்களில் வண்டியைக் கொண்டுபோகாதிருப்பது நல்லது: காற்றில் ஈரம் மிகுந்திருக்கும்போது பசை உலரும் மேற்பரப்பில் நீர் படிந்து ஒட்டும் வலிமை குறைகிறது. மாசி, பங்குனி நல்ல காலம். ஆனால் அப்போது பெரும்போக அறுவடை முடித்து வருவோரின் வண்டிகளும் வரிசையில் நிற்கும் என்பதால், ஒரு தடவை நேரில் போய் நாள் குறித்துக்கொள்ள வேண்டும். முற்பணமாகப் பாதியைக் காசாகவே கேட்பார்கள். அட்டை வசதி இல்லை.