மாண்டியின் கிராண்ட் டாங்கி, 1/35 கிட்: வாங்கலாமா?

இது ஒட்டிச் செய்யும் பிளாஸ்டிக் டாங்கி மாடல், நிஜத்தில் 35இல் ஒரு பங்கு அளவு. பெட்டி மூடியில் இரண்டாம் உலகப் போரின் பிரிட்டிஷ் தளபதி ஜெனரல் மாண்ட்கோமரி (சுருக்கமாக மாண்டி), கறுப்பு பெரே தொப்பியும் கையில் பைனாகுலருமாக, டாங்கிக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். 1942 நவம்பரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் எடுத்த அந்தப் பிரபலமான புகைப்படத்தைப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். கீழே கொட்டை எழுத்தில் 'ஜெனரலின் சொந்தக் கட்டளை டாங்கி' என்ற அர்த்தத்தில் ஒரு வரி. புதுச்சேரி மிஷன் வீதிப் பக்கம் ஒரு கடையில் 3,400 ரூபாய். அந்த ஒரு வரிக்காகத்தான் வாங்கினேன். அதனால் உள்ளே இருப்பது அவருடைய வண்டியா, இல்லை ஏதோ ஒரு கிராண்டா என்பதைத்தான் முதலில் பார்த்தேன்.

நான் கடலூர் சிப்காட்டில் ஃபிட்டர். ரிவெட் இருந்தால் கண் தானாக அங்கே போய்விடும். கிராண்ட் என்பது அமெரிக்க எம்3 டாங்கியின் பிரிட்டிஷ் வடிவம். இந்த எம்3 டாங்கியைப் பல வகையாகச் செய்தார்கள். எம்3ஏ3 வெல்டிங் உடம்பு, எம்3ஏ5 ரிவெட் உடம்பு. இரண்டுக்கும் டீசல் இன்ஜின். இங்கிலாந்தில் இம்பீரியல் போர் அருங்காட்சியகம் வைத்திருக்கும் மாண்டியின் வண்டியைப் படங்களில் பார்த்தால் உடம்பு முழுக்க ரிவெட் தெரியும். கிட்டிலும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். ஒவ்வொரு தலையும் உருண்டையாக, கூர்மையாக, வரிசை தப்பாமல் இருக்கிறது. இணைப்புக் கோட்டில் பட்டி போட்டு உப்புத்தாள் தேய்க்கும்போது இரண்டு மூன்று தலை போய்விடும், அவ்வளவுதான். மெல்லிய பிளாஸ்டிக் கம்பியைச் சீவி ஒட்டினால் சரியாகிவிடும். நிஜ வண்டியில் இந்த ரிவெட் பெரிய ஆபத்து. வெளியே குண்டு பட்டால் உள்பக்கத் தலை தெறித்து ஆட்கள் மேல் பாயும். பிறகு வந்த ஷெர்மன் டாங்கியில் ரிவெட்டைக் கைவிட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அடுத்தது டரெட், அதாவது டாங்கியின் உச்சியில் சுழலும் பீரங்கிக் கூண்டு. எம்3 என்றாலே பலர் அமெரிக்க வடிவமான லீயையும் பிரிட்டிஷ் வடிவமான கிராண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள். இரண்டுக்கும் கீழ் உடம்பு ஒன்றே. வலது பக்கம் உடம்பிலேயே பொருத்திய 75 மி.மீ பீரங்கியும் ஒன்றே. அந்தப் பீரங்கி ஓரளவுக்குத்தான் திரும்பும், அதற்கு மேல் வேண்டுமானால் வண்டியையே திருப்ப வேண்டும். வித்தியாசம் மேலேதான். லீக்கு உச்சியில் இயந்திரத் துப்பாக்கியோடு ஒரு குட்டிக் கோபுரம் உண்டு. கிராண்டுக்கு அது கிடையாது, டரெட் தாழ்வாகவும் பின்னால் நீண்டும் இருக்கும். பிரிட்டிஷ்காரர்கள் வயர்லெஸ்ஸைக் கமாண்டர் பக்கத்தில், டரெட்டுக்குள்ளேயே வைக்க விரும்பினார்கள். 19ஆம் எண் வயர்லெஸ் செட்டுக்காகத்தான் பின்பக்கம் அப்படி நீளும். லீயில் ஏழு பேர், கிராண்டில் ஆறு பேர். கிட்டில் இந்த நீளம், அந்தப் பின்வளைவு எல்லாமே சரி. வலையங்காடிகளில் லீ டரெட்டோடு வரும் பெட்டிக்குக்கூட மாண்டி படம் போட்டு விற்பதைப் பார்த்திருக்கிறேன், அதோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ மேல்.

ஆக, கிராண்ட் நல்ல கிராண்ட். ஆனால் ஜெனரலின் வண்டி என்பதற்கு என்ன இருக்கிறது? இங்கேதான் எனக்கு மனக்குறை. கட்டளை வண்டியாக மாற்றிய கிராண்ட்களில் துப்பாக்கிகளை எடுத்துவிடுவார்கள், அல்லது பொய்க்குழல் வைப்பார்கள். கிடைத்த இடத்தில் வரைபட மேசையும் கூடுதல் வயர்லெஸ்ஸும் வரும். அந்த வண்டியின் வேலை சுடுவது இல்லை, பேசுவது. கிட்டில் மேசை இல்லை, வயர்லெஸ் இல்லை, ஏரியல் அடிக்கட்டை ஒன்றே ஒன்று. டரெட் மூடியைத் திறந்து ஜெனரலை நிறுத்தினால் உள்ளே வெறும் கூடு தெரிகிறது. நான் அட்டையில் ஒரு பெட்டி செய்து, முகப்பில் சின்னச் சின்னக் குமிழ் ஒட்டி, பின்பக்கத்தில் வைத்தேன். இன்னொரு ஏரியலுக்குப் பித்தளைக் கம்பி. டரெட்டில் இருக்கும் 37 மி.மீ பீரங்கிக் குழலின் முனையைத் துளை போடாமல், நடுவில் கறுப்புப் புள்ளி மட்டும் வைத்தேன். எட்ட நின்று பார்த்தால் பீரங்கி, கிட்ட வந்தால் அடைத்த குழல் என்று தெரியும்.

பொம்மை மனிதரைப் பற்றியும் சொல்ல வேண்டும். முகம் அருமை, ஒடுங்கிய கன்னம், கூரிய மூக்கு. ஆனால் பெரேயில் ஒரே ஒரு பேட்ஜ். ஐயா, அந்தத் தொப்பியே இரண்டு பேட்ஜால்தானே பெயர் வாங்கியது! 1942 ஆகஸ்டில் பிரிட்டிஷ் எட்டாவது ராணுவத்துக்கு வந்த புதிதில் அவர் ஆஸ்திரேலியத் தொப்பிதான் போட்டார். அவருடைய டாங்கியில் இருந்த ஜிம் ஃப்ரேசர் கொடுத்ததுதான் பெரே. ஒன்று டாங்கிப் படைப் பேட்ஜ், பக்கத்தில் ஜெனரல் பேட்ஜ். பல்குச்சி முனையில் வெள்ளிப் பெயிண்ட் தொட்டு இரண்டாவதை வைத்தேன்.

எங்கள் தாத்தா மெட்ராஸ் சாப்பர்ஸ் என்ற ராணுவப் பொறியியல் படையில் இருந்தவர். அவர்களின் 12ஆவது ஃபீல்டு கம்பெனி நான்காவது இந்திய டிவிஷனோடு அந்தப் பாலைவனத்தில் இருந்தது. அதனால்தான் இந்த வண்டி மேல் எனக்கு இவ்வளவு பிடிப்பு. பெட்டியில் வரும் குறிப்புத் தாளில் இந்தியப் படை பற்றி ஒரு வரிகூட இல்லை. அந்தப் பாலைவனத்து ரூவைசாத் மேட்டில் நின்று போரிட்ட நம்மவர்களுக்கு ஒரு வரி போட்டிருக்கலாம்.

டயர், சக்கரமெல்லாம் குறை சொல்ல முடியாது. பக்கத்துக்கு மூன்று போகி (சக்கரங்களைத் தாங்கும் சட்டம்), மேல் உருளை போகியின் நடுத்தலையிலேயே இருக்கிறது. ஆரம்பக்கால எம்3க்கு அப்படித்தான் இருக்க வேண்டும்.

டெக்கல் தாள், அதாவது வண்டியின் எண், சின்னங்களை ஒட்டும் ஸ்டிக்கர் தாள்தான் கவலை. எனக்கு வந்தது மஞ்சளடித்துப்போயிருந்தது. கடையில் கேட்டதற்கு, "பிரிச்ச பெட்டிய மாத்தித் தர மாட்டோம் சார்" என்று முடித்துவிட்டார்கள். நம் ஊர்க் கடல் காற்றுக்கு நாலைந்து வருஷம் அலமாரியில் கிடந்தால் எந்த டெக்கலும் இப்படித்தான் ஆகும். தாளை பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, வெயில் விழும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி வைத்தால் மஞ்சள் நன்றாகக் குறையும். எனக்குக் குறைந்தது. ஐப்பசி மழையில் வாங்கினால் அதுவும் நடக்காது, பெயிண்ட்டும் காயாது, தை பிறக்கட்டும்.

கிராண்ட் வேண்டும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம். மாண்டியின் வண்டிதான் வேண்டும் என்றால் அட்டை, கம்பி, பொறுமை மூன்றையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கடையில் இன்னும் ஒரு பெட்டி இருக்கிறது. காசு கொடுப்பதற்கு முன்னால் அவர்கள் கையாலேயே பிரிக்கச் சொல்லி, டெக்கல் தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள்.