சயாமீஸ் பூனையை எங்கே விட்டுவிட்டு ஊருக்குப் போவது?

"பூனைக்கு ஆள் முக்கியமில்லை, இடம்தான் முக்கியம். வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்" என்று பலரும் சொல்வார்கள். பெரும்பாலான பூனைகளுக்கு அது பொருந்தும். சயாமீஸுக்கு இடத்தைவிட ஆள்தான் முக்கியம் என்று எங்கள் பொன்னியை வைத்துத்தான் கற்றுக்கொண்டேன்.

முதல்முறை பொங்கலுக்கு நான்கு நாள் ஊருக்குப் போனபோது, பக்கத்து வீட்டு அக்காவிடம் சாவியைக் கொடுத்துவிட்டுப் போனோம். காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்தார், லிட்டர் ட்ரேயை, அதாவது பூனை மலஜலம் கழிக்கும் மணல் தட்டை, சுத்தம் செய்தார். மூன்றாம் நாள் அவரிடமிருந்து போன்: "தம்பி, நாள் பூரா பிள்ளை அழுவுற மாதிரி கத்துது." திரும்பி வந்து பார்த்தால் பொன்னிக்குக் குரல் கம்மியிருந்தது. வயிற்று முடியை நக்கி நக்கியே வழுக்கையாக்கி, ஒரு ஸ்வெட்டரின் கையையும் மென்றிருந்தாள். கம்பளி மெல்லும் பழக்கம் இந்த இனத்தில் அதிகம்; நூலை விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும். அந்த அக்கா மேல் ஒரு குறையும் இல்லை. ஒரு நாளில் இரண்டு அரைமணி நேரம் பொன்னிக்குப் போதவில்லை, அவ்வளவுதான்.

அதற்கு மாற்று போர்டிங், அதாவது நாம் திரும்பும்வரை பூனையைக் கட்டணத்துக்கு வைத்துப் பார்த்துக்கொள்ளும் இடம். நாய்களையும் பூனைகளையும் ஒரே கூடத்தில் வைக்கும் இடத்தை நான் யோசிக்கவே மாட்டேன். மருத்துவமனை போர்டிங், ஆஸ்துமா உள்ள பூனைக்கும் வேளைக்கு மருந்து தேவைப்படும் வயதான பூனைக்கும் சரி. நலமாக இருக்கும் பூனையை நோயாளிப் பூனைகளுக்குப் பக்கத்தில் எதற்காக வைக்க வேண்டும்?

மிச்சம் இருப்பது பூனைகளுக்கு மட்டுமான போர்டிங். இதிலும் இரண்டு வகை. "கூண்டே கிடையாது, எல்லாரும் சேர்ந்து விளையாடுவார்கள்" என்பது ஒன்று. கேட்க நன்றாக இருக்கும். ஆனால் சயாமீஸ் ஒட்டிக்கொள்வது தன் மனிதர்களோடும் தன் வீட்டுப் பூனைகளோடும்தான், முன்பின் தெரியாத பத்துப் பூனைகளோடு அல்ல. பூனைகளுக்குச் சளி பிடிக்க வைக்கும் ஹெர்பிஸ், கலிசி கிருமிகள் தும்மலிலேயே பரவும். பழைய ஹெர்பிஸ் தொற்று உள்ள பூனைக்கு மன அழுத்தத்திலேயே அது திரும்பக் கிளம்பும். அதனால் தனித்தனி அறை, நடுவே கம்பி இல்லாமல் மூடிய தடுப்பு, ஏறி உட்கார உயரமான பலகை, ஒளிந்துகொள்ள ஒரு பெட்டி என்று இருக்கும் இடத்தையே தேர்ந்தெடுப்பேன். ட்ரைகேட் (ஹெர்பிஸ், கலிசி உட்பட மூன்று நோய்களுக்கான தடுப்பூசி), ரேபிஸ் ஊசிகள் போட்டதற்கான அட்டையைக் கேட்காமல் பூனையைச் சேர்க்கிற இடம் வேண்டாம். ஊசி போட வேண்டியிருந்தால் குறைந்தது இரண்டு வாரம் முன்பே போட்டுவிடுங்கள்.

அறையைவிட நான் அதிகம் விசாரிப்பது, தினமும் யார் எவ்வளவு நேரம் அதனோடு உட்கார்ந்து பேசுவார்கள் என்பதைத்தான். சயாமீஸ் கத்துவது இயல்பு. பழக்கமில்லாதவர்கள் அதை வலி என்று நினைத்துப் பயந்துபோவார்கள். ஆனால் அது வாயை மூடி மூலையில் சுருண்டால் "செட் ஆகிவிட்டது" என்பார்கள். கவலைப்பட வேண்டியதே அப்போதுதான். ஒரு நாள் முழுக்கச் சாப்பிடவில்லை என்றால் எனக்கு போன் வர வேண்டும் என்று சொல்லியே விடுவேன். இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தாலே, அதுவும் குண்டான பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு படியும் ஆபத்து உண்டு. ஆண் பூனை முக்கியும் சிறுநீர் வரவில்லை என்றால் போன் கூட அப்புறம், முதலில் மருத்துவமனை.

இன்னொன்று, திரும்பி வந்ததும் நிறம் மாறியிருந்தால் பதற வேண்டாம். சயாமீஸின் கருநிறத்தை உண்டாக்கும் என்சைம் உடம்பின் குளிர்ந்த பகுதிகளில்தான் வேலை செய்யும். காது, மூக்கு, கால், வால் கறுத்திருப்பது அதனால்தான். ஏசி அறையில் பல வாரம் இருந்தாலோ, முடி கொட்டிய இடத்தில் புதிதாக முளைத்தாலோ நிறம் கூடலாம். பொன்னியின் வயிற்றில் முளைத்த முடி பழுப்பாக இருந்தது. பிறகு பழையபடி வெளுத்தது.

இருப்பதிலேயே சிறந்தது, நம் வீட்டில் வந்து இரவும் தங்கும் ஒருவர். செலவு கூடுதல், நம்பிக்கையான ஆள் கிடைப்பதும் சிரமம். இப்போது ஒரு வாரத்துக்குள் என்றால் என் அத்தை வந்து தங்குகிறார்; பொன்னியோடு சரிக்குச் சரி பேசுவார். அதற்கு மேல் போனால் போர்டிங்தான். முன்னதாக ஒரே ஒரு இரவு அங்கே விட்டுப் பார்த்தோம். வழக்கமான சாப்பாடு, வீட்டு லிட்டர் மணல் கொஞ்சம், துவைக்காத என் பழைய லுங்கி ஒன்று, இவையெல்லாம் கேரியரோடு போகும். லுங்கி மேல்தான் தூங்குகிறாளாம்.